டிரஸ்ஸாஜ் சேணத்தில் பனந்தடி தாண்டலாமா?

ராமநாதபுரம் கடற்கரையோர உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தென்னையும் பனையும் கலந்த தோப்பு, அதில் ஏழு வயது மார்வாரிக் (ராஜஸ்தான் குதிரை இனம்) கலப்புப் பெண்குதிரை. வெளியூரில் வேலை பார்த்த காலத்தில் டிரஸ்ஸாஜ் (சமதரையில் குதிரையை ஒழுங்கான அசைவுகளுக்குப் பழக்கும் கலை) கற்றுக்கொண்டு, அதற்குரிய சேணம் ஒன்றை மட்டும் வாங்கிவந்திருக்கிறார். தோப்பைச் சுற்றி விழுந்து கிடக்கும் பனந்தடிகள், வறண்ட வாய்க்கால்கள், கண்மாய்க் கரை. "கிராஸ் கன்ட்ரி (வெட்டவெளியில் தடைகளைத் தாண்டி ஓடுவது) மாதிரி சின்னதாகத் தாண்டிப் பழக ஆசை. இந்தச் சேணத்திலேயே செய்யலாமா, ஜம்பிங் சேணம் வாங்கும்வரை பொறுக்க வேண்டுமா?" என்பது கேள்வி.

தம்பி, செய்யலாம். தடை முழங்கால் உயரத்துக்குள் இருக்க வேண்டும், தரை கெட்டியாக இருக்க வேண்டும், ஸ்டிரப்பை (கால் மிதிக்கும் வளையத்தை) அதன் வாரில் இரண்டு மூன்று துளை ஏற்றிய பிறகும் உங்கள் முழங்காலுக்கு அந்தச் சேணத்தில் இடம் மிஞ்ச வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பேன். குதிரை தாண்டுவதை எந்தச் சேணமும் தடுப்பதில்லை. குதிரையின் அசைவுக்கு வழிவிட்டு நீங்கள் ஒதுங்குவதைத்தான் டிரஸ்ஸாஜ் சேணம் தடுக்கிறது. அதனால், நீங்கள் பெரிதாக ஒதுங்காமலே குதிரை கடந்துவிடக்கூடிய தடைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். கீழே சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

உங்கள் சேணத்தைத் தாங்கியில் வைத்துப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கால் படும் தோல்மடல் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கும். இருக்கை குழிந்திருக்கும், பின்மேடு உயர்ந்திருக்கும். தொடைக்கு முன்னால் பிளாக் என்கிற தடித்த திண்டு ஒன்று நிற்கும். ஸ்டிரப் மாட்டும் இரும்பும் ஜம்பிங் சேணத்தில் இருப்பதைவிடச் சற்றுப் பின்னால் இருக்கும். நீண்ட ஸ்டிரப்பில் காலைத் தொங்கவிட்டு, காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே கோட்டில் வர உட்காருவதற்காக அமைத்தது அது. ஜம்பிங் சேணத்தில் மடல் முன்னோக்கி வளைந்து போகும், இருக்கை தட்டையாக இருக்கும். ஸ்டிரப்பைக் குறுக்கினால் முழங்கால் முன்னால் போக இடம் இருக்கும், இடுப்பை மடித்தால் பின்பக்கம் பின்னால் நகரவும் இடம் இருக்கும்.

டிரஸ்ஸாஜ் சேணத்தில் இந்த இரண்டு இடமும் இல்லை. ஸ்டிரப்பை ஏற்றினால் முழங்கால் பிளாக்கில் முட்டும், அல்லது மடலைத் தாண்டி வெளியே வந்துவிடும். இடுப்பை மடித்தால் பின்மேடு இடிக்கும். குதிரை முதுகை வளைத்து எழும்பும்போது அந்தப் பின்மேடு உங்களைப் பின்னாலிருந்து முன்னே தள்ளும். அப்படித் தள்ளாவிட்டால் நீங்கள் பின்தங்கி உட்கார்ந்துவிடுவீர்கள். பின்தங்கினால் கை கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கும், குதிரையின் வாய் இழுபடும், இறங்கும் நேரத்தில் உங்கள் முழு எடையும் குதிரையின் பின்முதுகில் விழும். இரண்டு முறை வாய் வலித்த குதிரை மூன்றாவது முறை தடைக்கு முன்னால் நின்றுவிடும். பிறகு அதைக் குதிரையின் பிடிவாதம் என்று சொல்லிச் சவுக்கை எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அது பிடிவாதம் இல்லை, வலி.

இது நூறு வருடத்துக்கு மேலாகப் பேசப்பட்டுவரும் விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை ஐரோப்பியக் குதிரைப்படையில் தடை தாண்டும்போது உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை முன்னால் நீட்டித்தான் உட்கார்ந்தார்கள். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ கேப்ரில்லி, 1868 முதல் 1907 வரை வாழ்ந்தவர், ஆள் இல்லாமல் குதிரை எப்படித் தாண்டுகிறது என்று கவனித்துவிட்டு, மனிதன் ஸ்டிரப்பைக் குறுக்கி முன்னால் வந்து குதிரையோடு போக வேண்டும் என்று மாற்றினார். இன்றைய ஜம்பிங் சேணத்தின் வடிவம் அந்த உட்காரும் முறைக்காக வந்தது. அதே சமயம் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் போட்டியிலேயே சிறு தடைகளைத் தாண்டும் பகுதி ஒன்று இருந்தது. தரைப் பயிற்சியும் தாண்டலும் அந்நியப்பட்டவை அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். டிரஸ்ஸாஜில் நன்றாகப் பழகிய குதிரை, கால் எடுத்து வைக்கும் ஒழுங்கு தெரிந்த குதிரை. 45 செ.மீ. பனந்தடி அதற்கு ஒரு பெரிய கேண்டர் (மிதமான பாய்ச்சல் ஓட்டம்) எட்டு, அவ்வளவுதான்.

அளவு தெரிய ஒரு ஒப்பீடு: சர்வதேச ஈவென்டிங்கில் உச்சநிலையான ஐந்து நட்சத்திரப் போட்டியில் கிராஸ் கன்ட்ரிக் கட்டைத் தடைகளின் உயரம் 1.20 மீட்டர் வரை போகும். ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர், குழு இரண்டிலும் வெள்ளி வாங்கியது இந்த ஈவென்டிங்கில்தான். டிரஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி, ஜம்பிங் மூன்றும் சேர்ந்த போட்டி அது. அந்த நிலையில் உள்ளவர்கள் டிரஸ்ஸாஜ் சுற்று முடிந்ததும் சேணத்தை மாற்றிவிடுவார்கள். டிரஸ்ஸாஜ் சேணத்துக்கு நான் வைக்கும் எல்லை 60 செ.மீ. பயிற்சியாளர் இல்லாமல் பழகுகிற உங்களுக்கு 50 போதும்.

உயரத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது குதிரையின் முதுகு. மார்வாரிகளில் பலவற்றுக்கு முதுகு ஒடுக்கமாகவும், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்து மேட்டெலும்பு எடுப்பாகவும் இருக்கும். கடைகளில் கிடைக்கும் டிரஸ்ஸாஜ் சேணங்களில் நிறைய, அகன்ற முதுகுள்ள ஐரோப்பியக் குதிரைகளை மனதில் வைத்துச் செய்தவை. அகலமான சேணத்தை ஒடுங்கிய முதுகில் போட்டால் முன்பக்கம் தாழ்ந்து உட்காரும். நடையில் தெரியாது. தடை தாண்டி இறங்கும்போது அந்த மேட்டெலும்பில் இடிக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்த நிலையில் இன்னொருவரை விட்டுச் சேணத்தின் முன்மேட்டுக்குக் கீழே விரலை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று விரல் செல்ல வேண்டும். செல்லவில்லை என்றால் தாண்டுவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்வை போட்டுச் சரிசெய்வது அழுத்தத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. அதோடு, டிரஸ்ஸாஜ் சேணத்தின் கிர்த் (வயிற்றுப்பட்டை) குட்டையானது. அதன் பக்கிள் குதிரையின் முழங்கை மடிப்புக்கு அருகில் வரும். முன்கால்களை மடித்துத் தாண்டும்போது அந்த இடம் உரசும். நம் கரையின் வியர்வையும் மணலும் சேர்ந்தால் ஒரே காலையில் புண்ணாகிவிடும். ஒவ்வொரு முறையும் இறங்கியதும் அங்கே கை வைத்துப் பாருங்கள்.

இனி உங்கள் கால். தடையே இல்லாமல் தொடங்குங்கள். ஸ்டிரப்பை இரண்டு துளை ஏற்றி, டிராட்டில் (துள்ளு நடையில்) பின்பக்கத்தை இருக்கையிலிருந்து இரண்டு விரல் அளவு மட்டும் தூக்கி வட்டமடியுங்கள். ஐந்து நிமிடம் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்காமல் நிற்க முடிகிறதா? முழங்கால் பிளாக்கில் அழுந்துகிறதா? இப்போதைய சேணங்கள் சிலவற்றில் பிளாக் வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும், நகர்த்தவோ கழற்றவோ முடியும். உங்களுடையது அப்படி என்றால் கழற்றிவிடுங்கள், பாதிப் பிரச்சினை போய்விடும். தைத்த பிளாக் என்றால் இரண்டு துளைக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

ஜம்பிங் பாடங்களில் இடுப்பை மடித்துப் பின்பக்கத்தைப் பின்னால் கொண்டுபோகச் சொல்வார்கள். இந்தச் சேணத்தில் அது நடக்காது, பின்மேடு விடாது. நீங்கள் மடங்குவதைவிட எழுவதுதான் முக்கியம். குதிகால் கீழே, முழங்கால் தளர்வாக, வல்லத்தில் நின்று வலை இழுப்பவர் அலைக்கு முட்டியை விட்டுக்கொடுப்பதுபோல நில்லுங்கள். மார்பு சற்றே முன்னால். மற்றதைக் குதிரையின் கழுத்து பார்த்துக்கொள்ளும், அது எழும்பி உங்களிடம் வரும்.

குதிரையின் கழுத்தடியில் ஒரு பழைய ஸ்டிரப் வாரைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதாது. தடைக்குக் குதிரை மூன்று நான்கு எட்டு வைக்கும் தூரம் இருக்கும்போதே ஒரு கையால் அந்த வாரைப் பிடித்துவிட்டால், சேணம் உங்களை எப்படித் தள்ளினாலும் குதிரையின் வாய் தப்பிக்கும். கழுத்துவார் இல்லையென்றால் பிடரி மயிரையே பிடியுங்கள், அதற்கு வலிக்காது.

அடுத்தது கட்டைகளைத் தரையில் போட்டு டிராட்டில் கடப்பது. சராசரிக் குதிரைக்குக் கட்டைகளுக்கு நடுவே 1.2 முதல் 1.4 மீட்டர் வரை இடைவெளி வரும். குதிரையின் கால் கட்டைகளுக்கு நடுவில் விழுகிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். குதிரை கழுத்தைத் தாழ்த்திப் பார்த்து, முதுகை உயர்த்திக் கடக்கிற பழக்கம் இதில் வரும். சலிப்பாக இருந்தாலும் சில வாரம் இதிலேயே இருங்கள்.

பனந்தடி நல்ல தடை. உறுதியானது, உருண்டையான முகம், காலில் பட்டாலும் வெட்டாது. ஆனால் உருளும். கிடக்கிற இடத்திலேயே தாண்டாமல், இரண்டு பக்கமும் முளை அடித்து அசையாமல் நிறுத்துங்கள். முளையின் தலை தடியின் உயரத்துக்கு மேலே வரக்கூடாது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தடி அடுக்க வேண்டாம். அகலமாகப் பரப்பி வைப்பதும் வேண்டாம், அகலத் தடைக்குத்தான் குதிரை நீண்டு பறக்கும், அந்தப் பறப்பில்தான் இந்தச் சேணம் உங்களைக் கைவிடும். தடியின் அடியில், நீங்கள் வரும் பக்கம், ஒரு சாண் தள்ளி ஒரு மெல்லிய கட்டை போட்டால் எங்கே எழும்ப வேண்டும் என்று குதிரை கணக்குப் போட வசதியாக இருக்கும்.

தடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. குதிரைக்கு நீலமும் மஞ்சளும் பிரித்துத் தெரியும், சிவப்பும் பச்சையும் அப்படித் தெரியாது. பழுப்பு மணலில் பழுப்புத் தடி, அதுவும் ஓலை நிழல் கோடுகோடாக விழுந்து கிடக்கும் தோப்பில், அதற்குக் கடைசி நொடியில்தான் புலப்படும். பிரிட்டனில் பந்தயத் தடைகளின் ஆரஞ்சு நிறக் கட்டைகளை வெள்ளைக்கு மாற்றியதும் குதிரையின் பார்வையைப் பற்றிய ஆய்வுக்குப் பிறகுதான். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்ததும் குதிரையின் கண் பழக மனிதக் கண்ணைவிட நேரம் பிடிக்கும். எனவே வெளிச்சத்தில் ஓடிவந்து நிழலில் இருக்கும் தடியைத் தாண்டுகிற மாதிரி அமைக்க வேண்டாம். முழுவதும் நிழல் அல்லது முழுவதும் வெளிச்சம்.

இறங்கும் பக்கத்தை நடந்து பாருங்கள். ஒவ்வொரு நாளும். சீமைக் கருவேலத்தை வெட்டிய இடங்களில் கூரான கட்டைமுளைகள் மண்ணில் நிற்கும். குளம்பில் முள் ஏறினால் நொண்டுவதோடு நிற்காது, குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதில் தொற்றும், வந்துவிட்டால் பிழைப்பது கடினம். தடுப்பூசி தவறாமல் போட்டிருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் உறுதிசெய்துவிட்டு இந்த வேலையில் இறங்குங்கள்.

நம் கரையில் தடையைவிடத் தரைதான் அதிகம் யோசிக்க வைக்கிறது. காய்ந்த ஆழமணலில் தாண்டவே கூடாது. எழும்பும்போது குளம்பு புதையும், 40 செ.மீ. தடைக்கு அதைவிடக் கூடுதலாக எழும்ப வேண்டியிருக்கும், முன்கால் தசைநாண்கள் இழுபடும். தசைநாண் ஒருமுறை கிழிந்தால் மாதக்கணக்கில் ஓய்வு. ஈரம் காயாத அலைவாய் மணல் கேண்டருக்கு அருமையான தரை, ஆனால் காலையில் அங்கே கரைவலைக் கயிறு கிடக்கும், வலை காயும். அது மீனவர்களின் வேலையிடம், குதிரைக்கும் ஆபத்து. ஜனவரியிலிருந்து ஆமைகள் முட்டையிட வரும் பருவத்தில் மணல்மேட்டுப் பக்கமே போகாதீர்கள். உப்பளத்தை ஒட்டிய களர்நிலம் மேலே பொருக்குக் கட்டிக் கெட்டியாகத் தெரியும், அடியில் சேறு. நடையில் தாங்கும், கேண்டரில் உடையும். தோப்புக்குள் மணலோடு செம்மண் கலந்து, மாட்டுவண்டியும் டிராக்டரும் போய் இறுகிய ஓரப்பாதை இருக்குமே, அதுதான் உங்களுக்கு வேண்டிய இடம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஈரம் வற்றும் தை, மாசியில் அந்தத் தரை மிக நன்றாக இருக்கும்.

முதல் தாண்டலை டிராட்டில் செய்யுங்கள். ஒரே தடி, 30 செ.மீ. நேராக, நடுவில், கண் தடியில் இல்லாமல் அதற்கப்பால் ஒரு மரத்தில். குதிரை தயங்கி நின்று பார்க்க விரும்பினால் பார்க்கட்டும், முகரட்டும். எழும்புகிற கணத்தை ஊகித்து முன்கூட்டியே முன்னால் பாயாதீர்கள். பாய்ந்துவிட்டுக் குதிரை நின்றுவிட்டால், பின்மேடு உயர்ந்த இந்தச் சேணம் உங்களைக் கழுத்துக்கு மேல் எறியும். இறங்கிய பிறகு பின்பக்கத்தைச் சட்டென்று இருக்கையில் போடாமல் குதிரை இரண்டு மூன்று எட்டு வைக்கும்வரை அப்படியே தூக்கி வைத்திருங்கள். குழிந்த இருக்கை "உட்கார்" என்று கூப்பிடும். அந்த இரண்டு எட்டில்தான் குதிரையின் முதுகு வளைவை விட்டு நிமிர்கிறது, அப்போது விழும் எடைதான் அதைப் புண்படுத்துகிறது. ஒரு காலையில் எட்டு, பத்துத் தாண்டல் போதும். வாரத்துக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு.

வாய்க்கால் விஷயத்தில் கவனம். அரை மீட்டர் அகல வாய்க்காலைக்கூட, அதுவும் முதல்முறை என்றால், குதிரை இரண்டு மீட்டர் பள்ளம்போல நினைத்துப் பறக்கும். தடியைவிட வாய்க்கால்தான் டிரஸ்ஸாஜ் சேணத்தில் அதிகம் பேரைக் கீழே தள்ளும். முதலில் இறங்கிக் கையில் பிடித்து நடத்திக் கடக்கவையுங்கள், பிறகு ஏறி நடையில். கழுத்துவாரை விடவேண்டாம்.

கண்மாய்க் கரை ஏறுவது, இறங்குவது வேறு கணக்கு. ஏறும்போது பிடரியைப் பிடித்து முன்னால் வந்துவிடுங்கள், பின்மேடு தொடையில் இடித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது இந்தச் சேணம் உங்களுக்குத் துணைதான். நிமிர்ந்து உட்கார்ந்து, விரல்களைத் தளர்த்திக் கடிவாள வாரை வழுக்க விட்டால், குழிந்த இருக்கை உங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். ஆனால் கரை ஊருக்குச் சொந்தம். குளம்பு பட்டுக் கரை இளகினால் மழைக்காலத்தில் உடையும். ஊரில் கேட்டுவிட்டு, மடைக்குப் பக்கத்தில் போகாமல், காய்ந்த காலத்தில் மட்டும் ஏறுங்கள். குடிநீர் ஊருணியில் குதிரையை இறக்கவே வேண்டாம்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நீங்களே அறிவீர்கள். பாண்டியர் காலத்தில் கடல்வழியாக வந்திறங்கிய குதிரைகள் இங்கே சரியான பராமரிப்பு இல்லாமல் நிறையச் செத்தன என்று மார்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். சூரியன் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. வேலை முடிந்து அரைமணி கழித்தும் அந்தப் பக்கம் இறங்கவில்லை என்றால் அன்றைக்குச் செய்தது அதிகம். குதிரையின் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

உப்புக்காற்று சேணத்தை நாம் நினைப்பதைவிட வேகமாகத் தின்னும். ஸ்டிரப் வார் மாட்டும் இரும்பின் நுனியில் ஒரு சிறு நாக்கு இருக்கும், மேலே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். தாண்டும்போது அது திறந்தே இருக்க வேண்டும், நீங்கள் விழுந்தால் வார் கழன்று வந்து கால் மாட்டாமல் தப்ப. நம் கரையில் அந்த நாக்கின் கீல் துருப்பிடித்து, மூடிய நிலையிலேயே இறுகிப்போயிருப்பதை நிறையச் சேணங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அசைத்துப் பாருங்கள். கிர்த் மாட்டும் வார்களின் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள், நூல் பிரிந்தால் அன்று தாண்டல் இல்லை. ஹெல்மெட் இல்லாமல், துணைக்கு ஆள் இல்லாமல், இதில் எதையும் செய்யாதீர்கள். மார்புக்கவசமும் இருந்தால் நல்லது.

ஜம்பிங் சேணம் எப்போது வாங்குவது என்று கேட்டீர்கள். இரண்டு தடைகளைத் தொடர்ச்சியாகக் கேண்டரில் தாண்ட ஆசை வரும்போது, அல்லது 60 செ.மீ.க்கு மேல் போக நினைக்கும்போது, அல்லது ஒவ்வொரு தாண்டலிலும் பின்மேடு உங்களை இடிப்பதை உணரும்போது. புதிதே வேண்டும் என்பதில்லை. பழைய ஜெனரல் பர்ப்பஸ் (எல்லாவற்றுக்கும் பொதுவான) சேணம் ஒன்று, மடல் கொஞ்சம் முன்னால் வளைந்தது, உங்களுக்கு முழுக்கப் போதும், அதிலேயே தரைப் பயிற்சியும் செய்யலாம். வாங்கும் முன் அதன் உள்சட்டம் உடையவில்லையா என்று பாருங்கள்: முன்மேட்டை வயிற்றில் அணைத்துப் பின்மேட்டை உங்கள் பக்கம் இழுத்தால் லேசாக நெகிழலாம், நடுவில் மடங்கவோ கிறீச்சிடவோ கூடாது. கண்ணைப் பறிக்கும் தோலைப் பார்த்து ஏமாறாமல், உங்கள் பெண்குதிரையின் முதுகில் வைத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு சேணம் பாருங்கள்.